இரண்டு வயதுக்குள் விமானமும் யுனிவர்சல் பூங்காவும்: குழந்தையைக் கூட்டிப் போவது வீணா?

8 ஜூன் 2025
(மன்னார்குடி வாசகி கேட்டது)

அக்கா, தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஆகஸ்டில் வரச் சொல்கிறான். என் மகனுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது ஆகியிருக்கும். திருச்சியிலிருந்து விமானம், அங்கே போனதும் சென்டோசா தீவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்கா என்று திட்டம். "அந்த வயசில் எதுவும் மனசில் நிற்காது, காசைக் கரியாக்காதே" என்கிறார் மாமியார். வீட்டுக்காரரும் அதே பாட்டுதான். நீங்கள் போன வருடம் பாப்பாவோடு போய் வந்ததாக எழுதியிருந்தீர்கள். நிஜமாகவே வீண்தானா?

8 ஜூன் 2025, இரவு

வீண் இல்லை தங்கச்சி, போய் வாருங்கள்.

மனதில் நிற்காது என்பது உண்மைதான். என் மகள் இப்போது போட்டோவைக் காட்டினால் "பாப்பா பிளேன்" என்கிறாள். அது போட்டோவைப் பார்த்துச் சொல்வது, நினைவிலிருந்து வருவது இல்லை. ஆனால் நினைவில் நிற்பதை மட்டும்தான் குழந்தைக்குச் செய்வோம் என்றால், ஆடிப்பெருக்குக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு படித்துறைக்குப் போவதையும் நிறுத்த வேண்டியதுதான். அந்த நேரத்தில் பிள்ளை நன்றாக இருந்ததா, கூட இருந்த நாம் நிதானத்தோடு இருந்தோமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பூங்காவுக்குத் தகுந்த மாதிரி பிள்ளையை இழுக்கக் கூடாது. பிள்ளையின் தூக்கத்துக்கும் பசிக்கும் தகுந்த மாதிரி பூங்காவை நறுக்கிக்கொள்ள வேண்டும். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர் யாராவது கூட வந்தால், அவரைத் தனியாக அனுப்பிவிடுங்கள், அவர் ஆசை தீரப் பார்த்துவிட்டு வரட்டும்.

மற்றதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். நாற்றங்கால் வேலை ஓடுகிறது, சேர்ந்தாற்போல் உட்கார நேரமில்லை.

10 ஜூன் 2025

முதலில் வயசுக் கணக்கு. காசு எங்கே மிச்சமாகிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

விமானத்தில் இரண்டு வயது முடியாத குழந்தை மடியில் வரலாம். சிறிய கட்டணம்தான். ஆனால் ஊர் திரும்புவதற்குள் இரண்டு வயது முடிந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். உங்கள் மகனுக்கு அந்தப் பிரச்சினை வராது.

யுனிவர்சலில் நான்கு வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை. மண்டாய் உயிரியல் பூங்காவில் மூன்று வயதுக்குக் கீழே இல்லை. எம்ஆர்டி என்னும் அங்குள்ள மெட்ரோ ரயிலிலும் பஸ்ஸிலும் 90 சென்டிமீட்டருக்குள் இருக்கும் குழந்தை பெரியவர்களோடு சும்மா போகலாம். ஆகவே உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பிள்ளைக்காகக் காசு கரிவது இந்த வயதில்தான் குறைவு. அவனுக்கு ஐந்து வயதாகும்போது போனால் எல்லாவற்றுக்கும் சீட்டு வாங்க வேண்டும்.

12 ஜூன் 2025

மேட்டூர் இன்று திறந்துவிட்டார்கள். இந்த வருடம் சொன்ன தேதிக்கே தண்ணீர், அதனால் வீட்டில் எல்லோருக்கும் நல்ல மனநிலை. இன்றைக்குச் சின்னக் குறிப்புதான்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்று நீங்கள் தனிச் செய்தியில் சொன்னதால் இது. கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், சிங்கப்பூர் விசாவும் தனியாக வேண்டும். பாஸ்போர்ட்டுக்குத் தஞ்சாவூர் சேவா கேந்திராவிலேயே நேரம் வாங்கலாம். அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேண்டும், அனெக்சர் டி என்று இருக்கும். கட்டணம் 1,000 ரூபாய், எட்டு வயதுக்குக் கீழே என்பதால் அதில் 10 சதவீதம் தள்ளுபடி. ஐந்து வருடம் செல்லும். நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைத் துடைத்துவிட்டு எடுங்கள்.

இன்னொன்று. மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் எது முதலில் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் போட்டோவில் சுருட்டை முடி. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வைத்தீஸ்வரன் கோவிலில் மொட்டை. இமிக்ரேஷனில் அந்த அம்மா போட்டோவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மொட்டையா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். திருச்சியில் புரிகிறது, மற்ற ஊர்களிலும் புரியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வளர்ந்த முடியோடு போவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, வெயில் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

15 ஜூன் 2025

மடியா, தனி இருக்கையா? இதைப் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு. ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எல்லாம் ஓடுகின்றன. வானத்தில் இருப்பது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் மடியில் வைத்துப் போய்ப் பழகியவர்களுக்கு இது பெரிய நேரமில்லை.

ஆனால் ரயிலில் இறக்கிவிட்டு நடக்கவிடலாம். விமானத்தில் சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் அசையக் கூடாது. மடிக் குழந்தைக்கு ஒரு குட்டி பெல்ட் தருவார்கள், அதை நம் பெல்ட்டில் கோத்து மாட்ட வேண்டும். பாப்பா அதைக் கண்டதும் வளைந்து நெளிந்து அழுதாள். பாலூட்டியதும் அடங்கினாள். பால் மறந்த பிள்ளையாக இருந்தால் கஷ்டம் இன்னும் கூடும்.

ஒன்று கவனியுங்கள். ஏர்பஸ் ஏ320 விமானங்களில் மூன்று இருக்கை சேர்ந்த தொகுதிக்கு மேலே ஆக்ஸிஜன் முகமூடி நான்குதான் இருக்கும். அதனால் ஒரு தொகுதியில் ஒரு மடிக் குழந்தைக்குத்தான் இடம். அக்கா குடும்பமும் தங்கை குடும்பமும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம் என்று நினைத்தால் நடக்காது. நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று போடச் சொல்லுங்கள். அவசர வழி இருக்கும் வரிசையும் குழந்தையோடு கிடைக்காது. ஸ்கூட்டில் 12 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்று அமைதிப் பகுதி ஒன்று உண்டு, முன்பதிவு செய்யும்போது அங்கே கைவைக்க வேண்டாம்.

என் கருத்து: பகல் விமானமானால் மடி போதும். இரவு விமானமாகி, கையில் காசும் இருந்தால் தனி இருக்கை எடுங்கள். தூங்குகிற பிள்ளையின் கனம் விழித்திருக்கும் பிள்ளையின் கனத்தைவிட அதிகம், இறங்கும்போது தோள் மரத்துப்போயிருக்கும்.

16 ஜூன் 2025

காது.

மேலே பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதைப் போல் வைத்திருப்பார்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. மலைப் பாதையில் பஸ் இறங்கும்போது காது அடைப்பது ஏன் என்று தெரிந்தவர்களுக்கு இதுவும் புரிந்துவிடும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைக்குச் சின்னது. விழுங்கினால்தான் அது திறக்கும். ஏறும்போது பெரும்பாலும் தொந்தரவு இல்லை, இறங்கும்போதுதான் வலி. தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே விமானம் தாழ ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் பாலோ, சிப்பரில் தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஏறின உடனே எல்லாப் பாலையும் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டாம்.

பனங்கற்கண்டை வாயில் போடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த வயதில் கூடாது. விமானம் குலுங்கினால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

சளியும் காது வலியும் இருக்கும்போது பயணம் போக நேர்ந்தால் கிளம்புமுன் குழந்தை மருத்துவரிடம் காதைக் காட்டிவிடுங்கள்.

19 ஜூன் 2025

இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. நேற்று ஒருவர், "ஏறுவதற்கு அரை மணி முன்னால் தூக்க சிரப் ஒரு மூடி கொடுத்துவிட்டால் சிங்கப்பூர் வரை சத்தமே இருக்காது, எங்கள் வீட்டில் எல்லோரும் கொடுப்போம்" என்று எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

நம் பக்கம் அப்படிக் கொடுப்பது பெரும்பாலும் புரோமெத்தசின் சிரப். இரண்டு வயதுக்குக் கீழ் அதைக் கொடுக்கவே கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. காரணம், மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து. நடுவானில் பிள்ளைக்கு மூச்சு குறைந்தால் யாரிடம் போவீர்கள்? ஜலதோஷ மருந்துக்கும் இது பொருந்தும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவை மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்தது. வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், அந்த இரண்டு பெயரும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில், சீட்டு எதுவும் கேட்காமல், "பிளைட்டுக்குத்தானே?" என்று எடுத்துக் கொடுத்தார்கள். நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

பிள்ளை அழுதால் அழட்டும். திருச்சி-சிங்கப்பூர் விமானத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பாதிப்பேர் ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். பாப்பா அழுதபோது பேராவூரணிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கையை நீட்டினார், இவளும் போய்விட்டாள். நடைபாதையில் அவர் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் மகனுக்கும் ஏறக்குறைய அதே வயதாம்.

20 ஜூன் 2025

செக்யூரிட்டி: வெள்ளி அரைஞாண், தண்டை, கொலுசு எல்லாம் வாசலில் கூவும். கழற்ற மனமில்லை என்றால் பரவாயில்லை, கையில் பிடிக்கும் கருவியால் பார்த்துவிட்டு விடுவார்கள். சும்மா நேரம்தான் போகும். நாங்கள் தண்டையை வீட்டிலேயே கழற்றிவிட்டு அரைஞாணை மட்டும் விட்டுவைத்தோம். பாட்டி அதற்குத்தான் சம்மதித்தார்.

பயணத்துக்குத் தேவையான குழந்தை உணவுக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது. வெந்நீர் பிளாஸ்க், கஞ்சி, பால் எல்லாம் எடுத்துப் போகலாம், திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கள். கொப்பரைத் தேங்காயைக் கைப்பையிலோ பெட்டியிலோ வைக்காதீர்கள், எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். நெய் திரவக் கணக்கில் வரும்.

நான் கொண்டுபோனது: வறுத்து அரைத்த புழுங்கலரிசிப் பொடி (வெந்நீர் ஊற்றினால் கஞ்சி), அவல், பொரி, மலைவாழை. பருப்பு சாதம் கட்டிக்கொண்டு போகலாம் என்று அம்மா சொன்னார், ஆனால் நள்ளிரவில் அது யாருக்கும் இறங்காது.

22 ஜூன் 2025

திருவாரூர் ஐயா எழுதியதைப் படித்தேன். "நம் ஊர்த் திருவிழாவிலேயே ராட்டினம் இருக்கிறது, கடல் தாண்டிப் போய் ராட்டினம் சுற்ற வேண்டுமா?" என்று கேட்கிறார். ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. வேளாங்கண்ணியிலும் நாகூர் கந்தூரியிலும் ராட்டினம் சுற்றி வளர்ந்தவள்தான் நானும்.

ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையை நான் அதில் ஏற்ற மாட்டேன். இரவோடு இரவாகப் பூட்டி நிறுத்திய பெரிய ராட்டினத்தில் பெல்ட் இருக்காது, ஒரு கம்பிதான் குறுக்கே. பெரியவர்களுக்குப் போதும், இடைவெளியில் நழுவும் அளவில் இருக்கும் பிள்ளைக்குப் போதாது. யுனிவர்சலில் எனக்குப் பிடித்ததே ஒவ்வொரு ரைடின் வாசலிலும் நிற்கும் அளவுகோல்தான். 92 சென்டிமீட்டர் என்றால் 92, 91-க்குக் கெஞ்சினாலும் விடுவதில்லை. அந்தக் கண்டிப்பு நம் திருவிழாக்களிலும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கையால் சுற்றும் குடை ராட்டினம், மரக் குதிரை இருக்கிற சின்னது, அது வேறு. அதில் பாப்பாவை மடியில் வைத்துச் சுற்றியிருக்கிறேன்.

29 ஜூன் 2025

இந்த இழையில் நான் எழுதுவதிலேயே உபயோகமானது இதுவாகத்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் நிதானமாக.

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். எல்லோரும் போன உடனே பிள்ளையை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றப் பாடுபடுகிறார்கள். மாற்றாதீர்கள். பிள்ளை நம் ஊர்க் குடவாசல் நேரத்திலேயே இருக்கட்டும். காலை 7 மணிக்கு எழும் பிள்ளை அங்கே 9:30-க்கு எழும். யுனிவர்சல் பெரும்பாலும் 10 மணிக்குத் திறக்கும். மதியம் 1 மணிக்குத் தூங்கும் பிள்ளை அங்கே 3:30-க்குத் தூங்கும். அதாவது பூங்கா திறந்ததிலிருந்து 3:30 வரை நடுவில் தூக்கம் குறுக்கிடாத ஒரே நீட்டு. இரவு 8:30-க்குப் படுக்கும் பிள்ளை அங்கே 11 மணிக்குப் படுக்கும், ஆகவே மாலையில் தூங்கி எழுந்த பிறகு சாங்கி விமான நிலையத்து ஜுவல் அருவியையோ கடற்கரை விளக்குகளையோ அழாமல் பார்க்கும். தங்குவது சொந்தக்காரர் வீடு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "எட்டு மணிக்கே இட்லி ஊட்டு" என்று அங்கே எழுப்பிவிடப் போகிறார்கள்.

போய்ச் சேரும் நாளில் மட்டும் இது எடுபடாது. எங்கள் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பியது. வீட்டிலிருந்து திருச்சிக்குக் காரில் வரும்போது கும்பகோணம் தாண்டுவதற்குள் வாந்தி. விமான நிலையத்தில் புது முனையத்தின் கோபுரம் போன்ற முகப்பையும் சுவர் ஓவியங்களையும் கண்டு முழுத் தூக்கமும் கலைந்தது. (2024 ஜனவரி 2 திறப்பு விழா, பயணிகளுக்கு ஜூனில் திறந்தார்கள், உள்ளே ஓடியாட நல்ல இடம்.) விடிந்து இறங்கியபோது யாரும் யாரோடும் பேசும் நிலையில் இல்லை. இறங்குகிற நாளில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். தூங்குங்கள்.

2 ஜூலை 2025

பூங்காவுக்குள்.

உயரம் முதலில். யுனிவர்சலில் என்சான்டட் ஏர்வேஸ், கனோபி பிளையர் இரண்டுக்கும் 92 சென்டிமீட்டர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102. ஜுராசிக் பார்க் படகு 107. மம்மி 122. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா 125. இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் 90-க்குள்தான் இருக்கும். ஆகவே பெரிய ரைடு எதுவும் கிடையாது என்று மனதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.

மிச்சமிருப்பது நிறைய. பல நிறப் பொம்மைகள் வரும் செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸில் மெதுவாகப் போகும் வண்டி, இருட்டு உண்டு, அலறல் இல்லை. எகிப்துப் பகுதியில் பழைய கார் மாதிரி ஊர்ந்து போகும் டிரெஷர் ஹன்டர்ஸ். பாப்பா ஸ்டியரிங்கை விடவே இல்லை, இரண்டாம் முறை ஏற்றிய பிறகுதான் இறங்கினாள். ஃபார் ஃபார் அவே கோட்டைக்குள் மேஜிக் போஷன் ஸ்பின் என்று குட்டி ராட்டினம், ஏசி கட்டடத்துக்குள். 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் திறந்திருக்கிறார்கள், நாங்கள் போனபோது இல்லை. இந்த மே மாதம் போன என் தம்பி பிள்ளைகள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றார்களாம்.

வேஷம் போட்டு வரும் பொம்மைகள்: கிட்டே கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். பாப்பாவுக்கு எங்கள் பக்கத்துப் பச்சைக்காளி பவளக்காளி ஆட்டத்தையே தள்ளி நின்று பார்த்தால்தான் பிடிக்கும். அங்கேயும் அப்படியே செய்தேன், பத்தடி தள்ளி நின்றோம். கொஞ்ச நேரத்தில் அவளே கையசைத்தாள். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை, நானும் வைக்கச் சொல்லவில்லை.

பெரியவர்களுக்கு: பெரிய ரைடுகளில் மாறி மாறி ஏறும் ஏற்பாடு உண்டு. ஒருவர் ஏற, மற்றவர் பிள்ளையோடு காத்திருந்து, பிறகு திரும்ப வரிசையில் நிற்காமல் ஏறலாம். வாசலில் நிற்கும் ஊழியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். என் வீட்டுக்காரர் மம்மியில் ஏறிவிட்டு வந்து, "நீ கட்டாயம் போ" என்றார். போனேன். தாயான பிறகு கையில் யாரும் இல்லாமல் உரக்கக் கத்தியது அன்றுதான். அதற்காகவே போகலாம் என்றுகூடச் சொல்வேன்.

3 ஜூலை 2025

வெயிலும் மழையும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், வருடம் முழுக்க மழை. பிற்பகலில் இடி வந்தால் வெளியில் இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே திறந்தவெளி எல்லாம் காலையில், கூரைக்குள் இருப்பது மதியத்துக்கு மேல். மொட்டைத் தலைக்குத் தொப்பி கட்டாயம். பாப்பா தொப்பியைப் பிடுங்கி எறிந்துகொண்டே வந்தாள், கடைசியில் தாடையில் நாடா கட்டிய தொப்பி வாங்கி மாட்டினோம். மொட்டைக்கு முன்னால் போவது நல்லது என்று ஜூன் 12-ஆம் தேதி சொன்னது இதற்காகத்தான்.

6 ஜூலை 2025

கூத்தாநல்லூர் பாய் ஒருவர், பல வருடம் அங்கே இருந்தவர், இரண்டு விஷயம் சேர்த்திருக்கிறார். இரண்டும் முக்கியம், அதனால் எடுத்துப் போடுகிறேன்.

ஒன்று, கார். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. கிராப் போன்ற தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை, ஆகவே சாதாரணமாக முன்பதிவு செய்தால் பிள்ளையைப் பார்த்ததும் ஓட்டுநர் ஏற்ற மாட்டார். ஓட்டுநர் மேல் கோபப்படாதீர்கள், அபராதம் அவருக்குத்தான்.

இரண்டு, எம்ஆர்டி ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அபராதம் 500 டாலர் வரை. பிள்ளைக்கு ஊட்டிவிட்டு உள்ளே போங்கள்.

ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி விவோசிட்டி மாலுக்குள் ஏறினால் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில். நடப்பதென்றால் சென்டோசா போர்டுவாக் பாலத்தில் காசில்லாமல் போகலாம், ஸ்ட்ரோலருக்கு வசதியான தரை.

7 ஜூலை 2025

ஸ்ட்ரோலர் பற்றிக் கேட்டவருக்கு: விலை குறைந்த, மடக்கும் வகை. எங்களுடையது ஊர் திரும்பி பெல்ட்டில் வரும்போது ஒரு சக்கரம் இல்லாமல் வந்தது. புகார் கொடுத்தோம், பதில் இல்லை. விலை உயர்ந்ததை வீட்டில் வைத்துவிட்டு, பூங்கா வாசலில் வாடகைக்கு எடுப்பதும் நல்ல வழிதான்.

20 ஜூலை 2025

கும்பகோணம் தம்பி கேட்கிறார்: "அக்கா, சிங்கப்பூர் எங்களுக்கு எட்டாது. பெங்களூருக்கு?"

எட்டும் தம்பி. மைசூர் எக்ஸ்பிரஸ் நம் ஊர் வழியாகவே போகிறது, மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று வந்து ராத்திரி முழுக்கத் தூங்கிக்கொண்டே பெங்களூரு. வொண்டர்லா பூங்கா மைசூர் சாலையில் பிடதியில் இருக்கிறது, 2005-இல் திறந்தது. 85 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. படுக்கையில் நீட்டிப் படுத்து வருகிற பிள்ளை, விமானத்தில் வருகிற பிள்ளையைவிடத் தெளிவாக இறங்கும்.

இதை எழுதும்போதே ஜூன் 8-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லத் தோன்றுகிறது. முதல் முறை பூங்கா போக வேண்டும் என்பதற்காக மட்டும் சிங்கப்பூர் போக வேண்டியதில்லை. தம்பியைப் பார்க்க, அண்ணனைப் பார்க்க என்று போகிறவர்கள் பூங்காவை ஒரு நாளாகச் சேர்த்துக்கொள்வது சரி. மன்னார்குடித் தங்கச்சி போவது தம்பி வீட்டுக்கு, அதனால் அவருக்குச் சொன்னது அப்படியே நிற்கிறது. கடன் வாங்கிக் கிளம்ப நினைக்கிறவர்கள் பொறுங்கள், பிடதி போதும்.

25 ஜூலை 2025

தங்கச்சி, தேதி பார்த்துப் போடுங்கள். ஆகஸ்ட் 9 சிங்கப்பூர் தேசிய தினம், இந்த வருடம் சனிக்கிழமை. அந்த வாரக் கடைசியைத் தவிர்த்துவிட்டு அடுத்த செவ்வாய், புதனில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் தேதி போட்டுத்தான் வரும், முன்னாலேயே வாங்கிவிடுங்கள். வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேர்வதற்கு மூன்று நாளுக்குள். காசு கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசாங்கத்தினுடையது இல்லை.

24 ஆகஸ்ட் 2025
(மன்னார்குடி வாசகி)

அக்கா, நேற்று வந்து சேர்ந்தோம். காது வலி இல்லை, இறங்கும்போது சிப்பரை விடவே இல்லை. குடவாசல் நேரம் பலித்தது! பூங்காவில் 3 மணிக்கே கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிட்டான், வெளியே வந்துவிட்டோம். வீட்டுக்காரர் மட்டும் தம்பியோடு இருந்து இருட்டிய பிறகு வந்தார். மாமியார் வீடியோ காலில் பேரனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அடுத்த முறை தானும் வருவதாகச் சொல்கிறார்.

24 ஆகஸ்ட் 2025, இரவு

மிகவும் சந்தோஷம். அத்தையை அழைத்துப் போகும்போது சக்கர நாற்காலி உதவியை டிக்கெட்டிலேயே பதிந்துவிடுங்கள், மூட்டு வலி இருக்கிறது என்றீர்களே. அந்த உதவி கேட்கும் குடும்பத்தை வரிசையில் சேர்த்தே கூட்டிப்போவார்கள், பிள்ளைக்கும் வசதி.

14 டிசம்பர் 2025

இழையைத் திரும்பத் திறக்கக் காரணம் இருக்கிறது. வொண்டர்லா இந்த மாதம் சென்னைக்கும் வந்துவிட்டது, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். நம்மைப் போன்ற டெல்டாக்காரர்களுக்கு இது பெரிய வசதி. கடலூர், புதுச்சேரி வழியாக வருகிறவர்கள் சென்னை நெரிசலுக்குள் போகவே வேண்டாம், அதற்கு முன்னாலேயே திருப்போரூர் வந்துவிடும். முருகன் கோவிலையும் பார்த்துவிடலாம்.

அங்கே பெரிய ரோலர் கோஸ்டருக்குத் தஞ்சோரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பெயரைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் போகும் ஆசை வந்துவிட்டது. பாப்பா அதில் ஏறப் பல வருடம் ஆகும். ஆனால் அவள் இப்போது 85 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டாள், ஆகவே குழந்தை டிக்கெட் எடுக்க வேண்டும்.

15 டிசம்பர் 2025

வொண்டர்லாவில் தண்ணீர் ரைடுக்கு என்ன உடை என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். நைலான் மாதிரிச் செயற்கை இழைத் துணிதான். பருத்திப் பாவாடை, சுடிதார், புடவை எதற்கும் தண்ணீருக்குள் அனுமதி இல்லை, அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான். உள்ளேயே விற்பார்கள், ஆனால் பிள்ளை அளவு கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். ஒரு அளவு பெரிதாக எடுத்தால் அடுத்த வருடமும் ஆகும். தண்ணீரில் போடும் டயப்பரும் வேண்டும், சாதாரண டயப்பர் ஊறிக் கனத்துத் தொங்கும். இதமான நாளாகப் பாருங்கள், மார்கழிக் காலையில் பாப்பாவைத் தண்ணீரில் இறக்க எனக்கே மனமில்லை. நாங்கள் அறுவடை முடிந்து மாசியில்தான் போவோம்.